மரைன் புத்தகம் வாங்கப் போகிறாயா? அக்கா சொல்வதைக் கேட்டுவிட்டுப் போ

என் தம்பி பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த அந்தக் கோடை முழுக்க அவன் போனில் ஒரே காட்சிதான். முகத்தில் கறுப்புச் சாயம் பூசிய கமாண்டோக்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருவார்கள். பின்னணியில் டிரம்ஸ் அதிரும். ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, “அக்கா, நான் மார்கோஸ்ல சேரப்போறேன்” என்றான். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு மாமா, “மரைன் இன்ஜினியரிங்கா? கப்பல்ல நல்ல சம்பளமாச்சே” என்று சந்தோஷப்பட்டார்.

நான் அவனைத் தடுக்கவில்லை. “முதல்ல நாலு புத்தகம் படி. படிச்ச பிறகும் ஆசை இருந்தா நானே அப்ளிகேஷன் போட்டுத் தரேன்” என்றேன். அந்த நாலு புத்தகம் இரண்டு வருஷத்தில் அலமாரியின் ஒரு தட்டையே நிரப்பிவிட்டது. அவனுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். நீ படையில் சேர நினைக்கும் தம்பியாக இருக்கலாம், போர் வரலாறு பிடித்த தங்கச்சியாக இருக்கலாம். இரண்டு பேருக்கும் இது பொருந்தும்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள். மரைன் என்றால் கடல் வழியாக வந்து கரையில் இறங்கிச் சண்டை போடும் படை. பிரிட்டனின் ராயல் மரைன்ஸ் 1664-ல் தொடங்கியது, அந்நாட்டுக் கடற்படையின் பகுதி. அமெரிக்க மரைன் கோர் 1775-ல் தொடங்கியது, அது தனிப் படையாகவே வளர்ந்தது. நம் நாட்டில் அப்படிப் பெரிய மரைன் படை கிடையாது. மார்கோஸ் என்பது 1987-ல் உருவான, கடற்படையின் சிறிய கமாண்டோ பிரிவு. கடையில் இவை எல்லாம் ஒரே அடுக்கில் கலந்து கிடக்கும். எந்தப் படை, எந்தப் போர், எந்த வருஷம் என்று பின்னட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் காசை எடுக்க வேண்டும்.

அடுத்தது நான் எப்போதும் செய்யும் சோதனை. புத்தகத்தை நடுவில் திறந்து பத்துப் பக்கம் நின்றபடியே படி. அதில் தாகம் வருகிறதா, கால் புண் வருகிறதா, தூக்கமில்லாத ராத்திரி வருகிறதா, பயந்தேன் என்று ஒரு வரியாவது வருகிறதா என்று பார். வந்தால் வாங்கு. துப்பாக்கிப் பெயரும் சுட்டவர் எண்ணிக்கையும் மட்டும் வந்தால் வைத்துவிட்டு வா. அப்படி எழுதப்பட்ட புத்தகம் உன் போனில் ஓடும் ரீல்ஸேதான், அச்சடித்துத் தருகிறார்கள்.

முதல் புத்தகம் எது என்று கேட்டால் எனக்கு யோசனையே வேண்டாம். யூஜின் ஸ்லெட்ஜ் எழுதிய ‘வித் தி ஓல்ட் ப்ரீட்’. 1981-ல் வந்தது. அலபாமா மாநிலத்தில் ஒரு டாக்டர் வீட்டுப் பையன் அவர். அதிகாரியாகப் பயிற்சி பெற அவரைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அதற்குள் இரண்டாம் உலகப் போர் முடிந்துவிடுமோ என்ற அவசரத்தில், வேண்டுமென்றே பாடத்தில் தோற்று, சாதாரணச் சிப்பாயாகப் போய்ச் சேர்ந்தார். ஆசைப்பட்டுப் போனவர் எழுதியது என்பதால்தான் உன் கையில் முதலில் இதைத் தருகிறேன்.

1944 செப்டம்பர் 15 அன்று பசிபிக் கடலில் உள்ள பெலிலியூ என்ற சின்னத் தீவில் இறங்குகிறார். நாலு நாளில் முடிந்துவிடும் என்று தளபதி சொல்லியிருந்தார். இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. தீவு முழுக்கப் பவளப்பாறை. மண்வெட்டியால் பள்ளம் தோண்ட முடியாது. ஒதுங்க இடமில்லை. வெயில் 46 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. குடிக்கத் தண்ணீர் வருகிறது, ஆனால் எண்ணெய் வைத்திருந்த பீப்பாய்களைச் சரியாகக் கழுவாமல் அதில் நிரப்பி அனுப்பிவிட்டார்கள். துருவும் எண்ணெயும் கலந்த தண்ணீர். குடித்தவர்களுக்கு வயிறு பிசைகிறது. இருந்தும் குடிக்கிறார்கள், வேறு வழியில்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என் தம்பி எழுந்துபோய்ப் பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு குடித்தான். எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஸ்லெட்ஜின் கம்பெனியில் 235 பேர் தீவில் இறங்கினார்கள். காயமில்லாமல் மிஞ்சியவர்கள் 85 பேர். எல்லாருக்கும் பிடித்த கம்பெனித் தலைவர் கேப்டன் ஹால்டேன் தீவிலேயே சுடப்பட்டு இறந்தார். நூலை அவர் நினைவுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார் ஸ்லெட்ஜ்.

இந்தப் புத்தகத்தில் ஓர் இடத்தை நீ மெதுவாகப் படிக்க வேண்டும். இறந்த ஜப்பானியச் சிப்பாய்களின் வாயிலிருந்து தங்கப் பல்லைப் பெயர்த்து எடுப்பது அங்கே சிலருக்கு வழக்கமாகிவிடுகிறது. ஒருநாள் ஸ்லெட்ஜும் கத்தியோடு குனிகிறார். பக்கத்தில் இருந்த மருத்துவ உதவியாளர், கிருமி ஒட்டிக்கொள்ளும், வேண்டாம் என்று தடுக்கிறார். கிருமி வெறும் சாக்குதான், தன் மனசு மரத்துப்போகாமல் காப்பாற்றத்தான் அந்த நண்பர் அப்படிச் சொன்னார் என்று பல வருஷம் கழித்து ஸ்லெட்ஜுக்குப் புரிகிறது. இதை மறைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவர் மறைக்கவில்லை. நினைவுக்குறிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

சண்டை நடக்கும்போதே தன்னிடம் இருந்த சின்ன பைபிளுக்குள் ரகசியமாகக் குறிப்பு எழுதி வைத்தார். ஊர் திரும்பி, உயிரியல் படித்து, மான்டிவாலோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். தன் குடும்பத்துக்காக எழுத ஆரம்பித்ததுதான் பிறகு நூலானது. பெலிலியூவுக்குப் பின் வரும் ஒகினாவா தீவுச் சண்டைப் பகுதி, சேறும் புழுவுமாக, இன்னும் கடினம். ராத்திரி படுக்கும் முன் அதைப் படிக்காதே. பகலில், வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது படி.

ஸ்லெட்ஜை முடித்த கையோடு ராபர்ட் லெக்கி எழுதிய ‘ஹெல்மெட் ஃபார் மை பில்லோ’ எடுத்துக்கொள். 1957-ல் வந்தது. அதே டிவிஷன். ஆனால் லெக்கி 1942 ஆகஸ்டிலேயே குவாடல்கனால் தீவில் இறங்கியவர், போருக்கு முன்பே பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். அதனால் நடை வேறு. ஸ்லெட்ஜ் கண்டதைக் கண்டபடி வைப்பார். லெக்கி வாக்கியத்தை அழகுபடுத்துவார், நண்பர்களைப் பட்டப்பெயரிலேயே கூப்பிடுவார். எனக்கு ஸ்லெட்ஜ்தான் மேல். இலக்கியம் படிக்கும் தங்கச்சிகள் சிலருக்கு லெக்கி அதிகம் பிடித்திருக்கிறது. இந்த இரண்டு நூல்களையும் அடிப்படையாக வைத்துத்தான் 2010-ல் ‘தி பசிபிக்’ என்ற தொடர் வந்தது. தொடரைப் பார்த்தாயிற்று, புத்தகம் எதற்கு என்று கேட்காதே. அந்த எண்ணெய்த் தண்ணீரின் ருசி எழுத்தில்தான் நாக்குக்கு வரும்.

எப்போதும் ஜோடியாகப் படி. நான் தரும் டிப்ஸில் முக்கியமானது இதுதான். குழிக்குள் கிடந்தவனுக்குத் தன் குழியும் பக்கத்துக் குழியும்தான் தெரியும். வரலாற்று ஆசிரியருக்கு முழுத் தீவும் தெரியும், ஆனால் தாகம் தெரியாது. இரண்டும் வேண்டும்.

இதற்கு நல்ல பாடம் ஃபிராங்க்டன் நடவடிக்கை. 1942 டிசம்பர் 7 இரவு, பிரான்ஸின் ஜிரோண்ட் ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே ‘டூனா’ என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி மேலே வருகிறது. ராயல் மரைன்கள் கேன்வாஸ் பக்கம் வைத்த மடக்குப் படகுகளை இறக்குகிறார்கள். ஆறு படகு போக வேண்டியது. ஒன்று வெளியே எடுக்கும்போதே கிழிந்துவிட, ஐந்து படகில் பத்துப் பேர் கிளம்புகிறார்கள். பகலில் கரையோரம் ஒளிந்து, இரவில் துடுப்புப் போட்டு, சுமார் 100 கிலோமீட்டர் மேலே போய் போர்டோ துறைமுகத்தில் நிற்கும் ஜெர்மன் தரப்புச் சரக்குக் கப்பல்களின் அடிப்பக்கத்தில் காந்த வெடிகளை ஒட்ட வேண்டும். டிசம்பர் குளிர். முதல் இரவிலேயே படகுகள் சிதறுகின்றன. இரண்டு படகுதான் போய்ச் சேருகிறது. வெடிகள் வெடித்துக் கப்பல்கள் சேதமாகின்றன. பத்துப் பேரில் இரண்டு பேர் கடலுக்குப் பலியானார்கள். பிடிபட்ட ஆறு பேரை ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். தலைவர் ஹாஸ்லரும் அவர் படகுத் தோழர் பில் ஸ்பார்க்ஸும் மட்டும் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தாரின் உதவியால் ஸ்பெயின் வழியாகத் தப்பி ஊர் வந்தார்கள்.

ஸ்பார்க்ஸ் தன் கதையைப் பிற்காலத்தில் எழுதினார், ‘தி லாஸ்ட் ஆஃப் தி காக்கிள்ஷெல் ஹீரோஸ்’. போருக்குப் பின் லண்டனில் பஸ் ஓட்டியவர் அவர். வயசான காலத்தில் கையில் வரும் உதவித்தொகை குறைந்துபோக, 1988-ல் தன் பதக்கங்களை ஏலத்தில் விற்றார். இதைத் தெரிந்துகொண்டு அவர் புத்தகத்தைப் படித்தால், துணிச்சல் என்ற சொல்லை அவர் எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறார் என்பது உறைக்கும்.

அதற்கு ஜோடி, பேடி ஆஷ்டவுன் எழுதிய ‘எ பிரில்லியன்ட் லிட்டில் ஆபரேஷன்’, 2012. பின்னாளில் பிரிட்டிஷ் அரசியல் கட்சித் தலைவராக இருந்த இவர் இளமையில் ராயல் மரைன். படகில் துடுப்புப் போடும் வலி அவருக்குத் தெரியும். ஆவணங்களைத் தோண்டி அவர் சொல்லும் ஒரு செய்தி என்னைப் பல நாள் தொந்தரவு செய்தது. அதே கப்பல்களைத் தகர்க்க, பிரிட்டனின் இன்னொரு ரகசிய அமைப்பின் ஆட்களும் அதே நேரத்தில் போர்டோவுக்குள்ளேயே தயாராகிக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது, அவர்களைப் பற்றி இவர்களுக்குத் தெரியாது. செத்த எட்டுப் பேரின் வீட்டில் இதை யார் போய்ச் சொல்ல முடியும்? ஸ்பார்க்ஸ் புத்தகத்தை மட்டும் படித்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

இன்னொரு அருமையான ஜோடி, 2003 இராக் போர். ‘ஜெனரேஷன் கில்’ எழுதிய ஈவன் ரைட் பத்திரிகையாளர், மரைன் வேவுப் பிரிவின் வண்டியிலேயே உட்கார்ந்து போனவர். ‘ஒன் புல்லட் அவே’ எழுதிய நதானியேல் ஃபிக் அதே பிளாட்டூனின் இளம் அதிகாரி. ஒரே சாலை, ஒரே நாட்கள். வண்டியில் இருந்தவர்கள் என்ன பேசினார்கள் என்பதை ரைட் எழுதுகிறார். மேலிருந்து வந்த உத்தரவு சரியில்லை என்று தெரிந்தும் தன் ஆட்களை எப்படி வழிநடத்துவது என்று ஃபிக் எழுதுகிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒரே நாளின் அத்தியாயங்களை மாற்றி மாற்றிப் படி. அதிகாரியாகச் சேர நினைப்பவர்கள் ஃபிக்கை விடவே கூடாது. ரைட்டின் நூலில் கெட்ட வார்த்தை நிறைய வரும், பத்தாம் வகுப்புத் தம்பிக்கு வாங்கித் தராதே.

வியட்நாமுக்கு ஃபிலிப் கபூட்டோ, ‘எ ரூமர் ஆஃப் வார்’, 1977. 1965 மார்ச்சில் டா நாங்கில் இறங்கிய முதல் மரைன்களில் ஒருவர். உற்சாகமாகப் போனவர், தன் ஆட்கள் இரண்டு வியட்நாமிய ஊர்க்காரர்களைக் கொன்ற விஷயத்தில் தானே குற்றம் சாட்டப்பட்டு நின்றதுவரை எழுதுகிறார். குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது, அவர் தன்னை விடவில்லை. படையை நேசிக்கிற ஒவ்வொருவரும் இதைப் படித்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொரியாவுக்கு மார்ட்டின் ரஸ் எழுதிய ‘பிரேக்அவுட்’ போதும். 1950 குளிர்காலம், சோசின் நீர்த்தேக்கம், பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் அதிகமான குளிர். மருத்துவ உதவியாளர்கள் மார்ஃபின் மருந்து உறையாமல் இருக்க அதை வாய்க்குள் அடக்கிக்கொண்டே ஓடியிருக்கிறார்கள். ஃபாக்லாந்துக்கு ஜூலியன் தாம்சன், ‘நோ பிக்னிக்’. 1982-ல் அங்கே போன ராயல் மரைன் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவரே எழுதியது. ஹெலிகாப்டர்களை ஏற்றிவந்த கப்பல் தாக்கப்பட்டு எரிந்துபோக, மரைன்கள் முதுகில் முப்பது கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு ஈரச் சதுப்பில் தீவைக் குறுக்காக நடந்தே கடந்தார்கள். போர் என்றால் பெரும்பாலும் நடப்பதுதான் என்பது இதில் நன்றாகத் தெரியும்.

பயிற்சி எப்படி இருக்கும் என்றுதான் பல தம்பிகள் கேட்கிறார்கள். தாமஸ் ரிக்ஸின் ‘மேக்கிங் தி கோர்’ படி. அமெரிக்க மரைன்களின் பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில் 1995-ல் சேர்ந்த ஒரு பிளாட்டூனைக் கூடவே இருந்து பார்த்து எழுதியது. அங்கே பயிற்சியில் இருப்பவன் ‘நான்’ என்று சொல்லக்கூடாது. ‘இந்தப் பயிற்சி வீரனுக்குத் தண்ணீர் வேண்டும்’ என்றுதான் கேட்க வேண்டும். என் தம்பி ஒருநாள் காலையிலிருந்து ராத்திரிவரை ‘நான்’ சொல்லாமல் பேசிப் பார்த்தான். மத்தியானத்துக்குள் ஏழு தடவை தவறியது. நீயும் முயன்று பார், அந்தப் பயிற்சி மனிதனின் எந்த இடத்தில் கை வைக்கிறது என்று புரியும்.

தங்கச்சி, உனக்குத் தனியாக ஒன்று வைத்திருக்கிறேன். கேட் ஜெர்மானோவின் ‘ஃபைட் லைக் எ கேர்ள்’, 2018. அதே பாரிஸ் ஐலண்டில் பெண்களுக்கான பயிற்சி பட்டாலியனின் தலைவியாக இருந்தவர். பெண்கள் துப்பாக்கிச் சுடுதலில் பின்தங்குவது இயல்பு என்று ஆண்டுக்கணக்காக எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இவர் ஏற்கவில்லை. பயிற்சியைச் சீர்செய்து, தேறுவோர் விகிதத்தை 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனார். மிகக் கடுமையாக நடந்துகொள்கிறார் என்று சொல்லி 2015-ல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். இது அவர் தரப்பு என்பதை மனதில் வைத்துக்கொள். ஆனாலும் ‘பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்’ என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த ‘போதும்’ எவ்வளவு கெடுதல் செய்யும் என்று எண்ணிக்கையோடு காட்டுகிற நூல் இது.

நம் நாட்டுப் பக்கம் வருவோம். கேப்டன் சமந்த்தும் சந்தீப் உன்னிதனும் சேர்ந்து எழுதிய ‘ஆபரேஷன் எக்ஸ்’, 2019. மார்கோஸ் பிறப்பதற்கு முந்தைய கதை. 1971 வங்கதேச விடுதலைப் போரின்போது வங்காள இளைஞர்களைப் பிளாசியில் பாகீரதி ஆற்றங்கரை முகாமில் வைத்து இந்தியக் கடற்படையினர் நீச்சல் கமாண்டோக்களாகப் பழக்கினார்கள். பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்றிலிருந்து பிரான்ஸில் தப்பி வந்த எட்டு வங்காள மாலுமிகளும் அதில் இருந்தார்கள். மார்பில் வெடியைத் துண்டால் கட்டிக்கொண்டு நீந்திப்போய்க் கப்பலில் ஒட்ட வேண்டும். எந்த இரவில் தாக்குவது என்பதற்கான சைகை, கல்கத்தா வானொலியில் ஒலித்த பாட்டு. அந்த ஆகஸ்டில் சிட்டகாங் உள்பட நாலு துறைமுகங்களில் ஒரே சமயத்தில் கப்பல்கள் வெடித்தன. அதற்குப் பின், மும்பை தாஜ் ஹோட்டலில் 2008-ல் குண்டடிபட்டு நுரையீரல் கிழிந்த மார்கோஸ் வீரர் பிரவீண் குமார் தேவ்தியா எழுதிய ‘26/11 பிரேவ்ஹார்ட்’. செவித்திறன் குறைந்தும், மெல்ல மெல்ல உடம்பைத் தேற்றி நெடுந்தூர ஓட்டக்காரரானவர். காயத்துக்குப் பின் என்ன ஆகும் என்பதை இங்கே அதிகம் பேர் எழுதுவதில்லை, இவர் எழுதினார்.

ஒன்றைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட முடியாது. மார்கோஸ் பிரிவின் தொடக்க கால நடவடிக்கைகளில் ஒன்று, இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்தபோது, 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் குருநகர் இறங்குதுறையில் நடந்தது. லெப்டினன்ட் அர்விந்த் சிங்குக்கு அதற்காக மகாவீர் சக்ரா கிடைத்தது. அதே அக்டோபரில், தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய ராணுவம் சுட்டதில் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் இறந்தார்கள். அந்த மாதங்களை அங்கே வாழ்ந்தவர்கள் எழுதிய நூல் ‘முறிந்த பனை’. யாழ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நாலு பேர் எழுதியது. அவர்களில் ராஜினி திராணகம 1989-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜோடியாகப் படி என்று நான் சொன்னது இங்கேதான் அதிகம் தேவை. வீரச்செயலை மட்டும் படித்துவிட்டுக் கைதட்டாதே.

படிக்கும் முறைக்கு வருகிறேன். பெரும்பாலான நூல்கள் ஆங்கிலம். பயப்படாதே. ஸ்லெட்ஜின் ஆங்கிலம் எளிது, முதல் ஐம்பது பக்கம் தாண்டினால் ஓடிவிடும். ஸ்குவாட், பிளாட்டூன், கம்பெனி, பட்டாலியன், டிவிஷன் என்ற வரிசையை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வை. இது ஒன்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் தீவின் படத்தை நீயே வரை. என் தம்பி வரைந்த பெலிலியூ இன்னும் எங்கள் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது. விமான ஓடுபாதைக்குச் சிவப்பு, மலைக்குப் பச்சை. நடைபாதையில் விற்கும் நகல் பதிப்பை வாங்காதே, வரைபடம் கறுப்புத் திட்டாகத்தான் இருக்கும். கையில் காசில்லாவிட்டால் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ தேடு. படித்தது பாரமாக இருந்தால் வீட்டில் யாரிடமாவது சொல். நாங்கள் ஒகினாவாவைப் பற்றி மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசித்தான் தாண்டினோம்.

என் தம்பி இன்னும் கடற்படைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டுதான் இருக்கிறான். ரீல்ஸ் பார்ப்பது நின்றுவிட்டது. தினமும் காலையில் நீந்தப் போகிறான். அப்ளிகேஷனை நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

கடைசியாக அக்காவுக்காக ஒன்று செய். தமிழில் இப்படி எழுதப்பட்ட நினைவுக்குறிப்புகள் மிகக் குறைவு. ஆனால் படைக்குப் போனவர்கள் நம்மிடம் குறைவில்லை. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு படையில் இருந்தவர்கள் உண்டு. உன் தெருவிலும் கடற்படையிலோ ராணுவத்திலோ இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியப்பாவோ தாத்தாவோ இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாற்பது பக்க நோட்டோடு அவரிடம் போ. எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதே. என்ன சாப்பிட்டீர்கள், எங்கே தூங்கினீர்கள், யாரை நினைத்துக்கொண்டீர்கள் என்று கேள். அவர் சொல்லும் பேச்சிலேயே எழுதி, தேதி போட்டு வை.